கிரேடு 3 வர வேண்டிய இடத்துல 8 வருதா, ஃபார்முலாவ விட்டுடுங்க

ஹார்வர்டோட சிஎஸ்50-ங்கற கம்ப்யூட்டர் அறிமுக கோர்ஸ ஆன்லைன்ல எடுக்குறவங்க ரெண்டாவது வாரத்துல ரீடபிலிட்டின்னு ஒரு கணக்குல வந்து நிப்பாங்க. ஒரு இங்கிலீஷ் பத்தியக் குடுத்தா அதுல எத்தனை எழுத்து, எத்தனை வார்த்தை, எத்தனை வாக்கியம்னு எண்ணி, அமெரிக்காவுல எத்தனாவது கிளாஸ் படிக்கிற பிள்ளைக்கு அது புரியும்னு சொல்ற புரோகிராம், சி-ங்கற கம்ப்யூட்டர் மொழில எழுதணும். கேக்க சின்னதாதான் இருக்கும், ஆனா சி-ய புதுசா தொடுற ஒருத்தர் பண்ணக்கூடிய தப்புல முக்காவாசி இந்த ஒரு கணக்குக்குள்ளயே வந்துடும்.

தெரிஞ்ச காலேஜ் பசங்க சிலர் எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. லேப்டாப் ஸ்கிரீன போன்ல ஃபோட்டோ எடுத்து, பாதி லைன் வெளிச்சத்துல அடிபட்டுப் போயிருக்கும், கீழ "அக்கா ஃபார்முலா கரெக்டாதான் போட்ருக்கேன் ஆன்சர் மட்டும் தப்பா வருது"ன்னு இருக்கும். பாத்தா ஃபார்முலா நெஜமாவே கரெக்டாதான் இருக்கும், ஏன்னா அது காப்பி பேஸ்ட் பண்ணது. ஆனா அவங்க அரை மணி நேரமா முறைச்சுப் பாத்துட்டு இருக்கறதும் அந்த ஒரே லைனத்தான்.

ஃபார்முலா என்னன்னா கோல்மன்-லியாவ் இண்டெக்ஸ், 1975-ல வந்தது. அதுக்கு முன்னாடி இருந்த பல முறைகள்ல அசைய எண்ண வேண்டியிருந்துச்சு, மெஷினுக்கு அசை எண்றது பெரிய தலைவலி, அதனால எழுத்த மட்டும் எண்ணினா போதும்னு கம்ப்யூட்டருக்காகவே யோசிச்சு செஞ்சது இது. 100 வார்த்தைக்கு சராசரியா எத்தனை எழுத்து, அத 0.0588-ஆல பெருக்கு. 100 வார்த்தைக்கு எத்தனை வாக்கியம், அத 0.296-ஆல பெருக்கி முதல்ல வந்ததுல இருந்து கழி. அப்புறம் 15.8-ஐயும் கழி. வந்த நம்பர ரவுண்ட் பண்ணா கிரேடு. 1-க்குக் கீழ போனா 'ஒண்ணாங்கிளாஸுக்கும் முன்னாடி'ன்னு போடணும், 16-ஓ அதுக்கு மேலயோ வந்தா '16+'.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், தப்பான ஆன்சர் சும்மா தப்பா வராது, எந்த தப்புன்னு அதுவே சொல்லிடும், நாமதான் அத "தப்பு"ன்னு ஒரே வார்த்தைல தள்ளிட்டு மறுபடி கோட முறைக்கப் போயிடுறோம்.

அந்தப் பயிற்சியோட வர்ற ஒரு மாதிரிப் பத்தியவே எடுத்துக்கலாம். 65 எழுத்து, 14 வார்த்தை, 4 வாக்கியம். கைல போட்டா 100 வார்த்தைக்கு 464.29 எழுத்து, 28.57 வாக்கியம், கடைசில 3.04 வரும், கிரேடு 3. இப்ப இதுக்கு யாராவது "எனக்கு 8 வருதுக்கா"ன்னு சொன்னா நான் கோட பாக்கவே மாட்டேன். இன்டீஜர் டிவிஷன். சி-ல ரெண்டு முழு எண்ண வகுத்தா விடையும் முழு எண்தான், புள்ளிக்கு அப்புறம் இருக்கறது எல்லாம் காலி. 65-ஐ 14-ஆல வகுத்தா 4, 100-ஆல பெருக்கினா 400. 4-ஐ 14-ஆல வகுத்தா 0, அத எத்தனையால பெருக்கினாலும் 0. அப்ப 23.52-ல இருந்து 15.8 போக 7.72, ரவுண்ட் பண்ணா 8. வாக்கியம்ங்கற விஷயமே கணக்குல இருந்து காணாம போச்சு, அத யாரும் கவனிக்கல.

"இல்லக்கா நான் ஃப்ளோட்லதான போட்டு வச்சிருக்கேன்"னு அடுத்த மெசேஜ் வரும். ஃப்ளோட்னா புள்ளி வச்ச எண்ண வைக்கற வகை, இன்ட்னா முழு எண்ண மட்டும் வைக்கற வகை. வச்சுக்கற டப்பா ஃப்ளோட்டா இருந்து புண்ணியம் இல்ல, வகுக்குற நேரத்துல ரெண்டு பக்கமும் இன்ட்டா இருந்தா வெட்டி எறிஞ்சதுக்கு அப்புறம்தான் அது டப்பாவுக்குள்ள போகுது. இன்னும் சில பேர் கேஸ்ட் பண்ணணும்னு, அதாவது வகைய மாத்தணும்னு, தெரிஞ்சு வச்சுருப்பாங்க, ஆனா மொத்த வகுத்தலையும் பிராக்கெட்ல போட்டு அதுக்கு வெளிய கேஸ்ட் பண்ணுவாங்க, அதுவும் செத்ததுக்கு அப்புறம் வைத்தியம்தான். மேல இருக்கறதையோ கீழ இருக்கறதையோ ஒண்ண மட்டும், வகுக்கறதுக்கு முன்னாடி, ஃப்ளோட்டா மாத்துனா போதும்.

இதுலயே திருட்டுத்தனமான வகை ஒண்ணு இருக்கு. சில பேர் முதல்ல 100-ஆல பெருக்கிட்டு அப்புறம் வகுப்பாங்க. 6500-ஐ 14-ஆல வகுத்தா 464, 400-ஐ 14-ஆல வகுத்தா 28, கடைசில 3.2 வருது, கிரேடு 3, எல்லாம் சரி மாதிரி இருக்கும். பின்னம் தொலைஞ்சுதான் இருக்கு, ஆனா கொஞ்சமா தொலைஞ்சதால வெளிய தெரியல. விடை 5.5, 8.5-னு அரை பக்கத்துல வர்ற ஒரு பத்தி வர்றப்பதான் மாட்டும், அதுக்குள்ள "மத்த டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுது, கோட டெஸ்ட் பண்ற செக்கர்லதான் ஏதோ பக்"னு முடிவே பண்ணியிருப்பாங்க. என்னக் கேட்டா 8 வர்ற தப்ப விட இதுதான் ஆபத்து.

அதே பத்திக்கு 4 வந்தா வார்த்தை ஒண்ணு குறையுது. ஸ்பேஸ எண்ணி வார்த்தை கண்டுபிடிக்கும்போது கடைசி வார்த்தைக்குப் பின்னாடி ஸ்பேஸ் இருக்காது, அதுக்கு ஒண்ணு கூட்டணும், கூட்டலன்னா 13. கணக்கு 4.49-னு வரும். 11 வந்தா 65-க்கு பதிலா 84 எழுத்து எண்ணியிருக்கீங்க, அதாவது ஸ்பேஸ், ஆச்சரியக்குறி, மேற்கோள் கமா எல்லாத்தையும் சேத்து. ஒண்ணு வரியோட நீளத்த சொல்ற ஸ்ட்ர்லென் ஃபங்ஷன் குடுக்கறத அப்படியே எழுத்து எண்ணிக்கைன்னு எடுத்திருப்பீங்க, இல்ல இஃப் கண்டிஷன் முடிஞ்ச கையோட பழக்கதோஷத்துல ஒரு செமிகோலன் போட்டிருப்பீங்க. அந்த செமிகோலனோட இஃப் முடிஞ்சுடுச்சு, கீழ எழுத்து எண்ணிக்கைய ஏத்துற லைன் தன் பாட்டுக்கு ஒவ்வொரு கேரக்டருக்கும் ஓடும். கண்ணு அத பிடிக்கவே பிடிக்காது, ஏன்னா மத்த எல்லா லைன்லயும் செமிகோலன் இருக்கறது தான நியாயம்.

எது போட்டாலும் 'ஒண்ணாங்கிளாஸுக்கும் முன்னாடி'ன்னே வந்தா இண்டெக்ஸ பிரிண்ட் பண்ணிப் பாருங்க. இந்தப் பத்திக்கு மைனஸ் 166 வந்துச்சுன்னா அத்தனை கேரக்டரையும் வாக்கிய முடிவுன்னு எண்ணியிருக்கு, 84 வாக்கியம். இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், ரெண்டும் ஒரே நம்பரத்தான் தரும். முதலாவது, புள்ளிக்குன்னு தனி இஃப் எழுதி, அதுல ரெண்டு ஈக்வல் போட வேண்டிய இடத்துல ஒண்ணு போட்டது. அப்ப அது கேள்வி கேக்கல, கேரக்டர எடுத்துட்டு அங்க புள்ளிய வச்சுடுது, புள்ளியோட ஆஸ்கி மதிப்பு, அதாவது கம்ப்யூட்டர் அதுக்கு வச்சிருக்கற நம்பர், 46, அது 0 இல்ல, அதனால எப்பவும் உண்மை. ரெண்டாவது, நாம பேசற மாதிரியே எழுதறது: கேரக்டர் புள்ளிக்கு சமமா, இல்ல ஆச்சரியக்குறி, இல்ல கேள்விக்குறி. மனுஷனுக்கு இது புரியும். சி என்ன நினைக்கும்னா முதல் பாதி ஒரு தனிக் கேள்வி, 'ஆச்சரியக்குறி' ஒரு தனிக் கேள்வி, அதோட மதிப்பு 33, அதுவும் 0 இல்ல, உண்மை. ஒவ்வொரு குறிக்கும் முழு ஒப்பீட்டையும் திரும்ப எழுதணும். ரெண்டுல எதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது? லூப் முடிஞ்சதும் அந்த பத்தியவே ஒரு தடவை பிரிண்ட் பண்ணுங்க. வரி முழுக்க புள்ளியா வந்தா முதல் கேஸ், பத்தி பத்தியாவே இருந்தா ரெண்டாவது.

இதே பத்திக்கு 16+ வந்தா? பத்திய ஸ்கேன்எஃப்ல பர்சென்ட் எஸ் போட்டு உள்ள வாங்கியிருப்பீங்க. அது முதல் ஸ்பேஸோட நின்னுடும். மேல சொன்ன பத்தில முதல் வார்த்தைக்கு 15 எழுத்து, பின்னாடி ஒரு ஆச்சரியக்குறி, அப்ப 1 வார்த்தை 1 வாக்கியம், 42.8 வரும். கோர்ஸ்ல குடுக்கற கெட்ஸ்ட்ரிங்க யூஸ் பண்ணா இது வராது, ஆனா நம்மூர் காலேஜ் லேப்ல அந்த லைப்ரரி இருக்காது, பசங்க ஸ்கேன்எஃப்க்கு தாவுவாங்க. அதுக்கு பதிலா முழு வரியையும் வாங்கற எஃப்கெட்ஸ் பாதுகாப்பானது, வரி முடிவுல வர்ற நியூலைன மட்டும் நீங்களே பாத்துக்கணும்.

கெட்சார்ல ஒவ்வொரு கேரக்டரா படிக்கறவங்களுக்கு இன்னொரு குழி. வர்ற மதிப்ப ஒத்தைக் கேரக்டர் வைக்கற சார் வகைல வைக்காதீங்க, இன்ட்ல வைங்க, ஏன்னா ஃபைல் முடிஞ்சதுன்னு சொல்ற ஈஓஎஃப் ஒரு நெகட்டிவ் நம்பர், அது 256 கேரக்டர்ல ஒண்ணு கிடையாது. சாதாரண லேப்டாப்ல சார்ல வச்சாலும் ஓடற மாதிரிதான் இருக்கும், அதே கோட ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல கம்பைல் பண்ணா நிக்கவே நிக்காது, ஏன்னா அதுல இருக்கற மாதிரி ஏஆர்எம் சிப்ல ஓடற லினக்ஸ்ல சார் வழக்கமா நெகட்டிவ் எடுக்காது, ஈஓஎஃப்க்கு என்னைக்கும் சமமா வராது.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். எண்ணிக்கைய வைக்கற கவுண்டருக்கு ஆரம்பத்துல 0 போடலன்னா குப்பை மதிப்புல இருந்து எண்ண ஆரம்பிக்கும், உங்க மெஷின்ல தற்செயலா 0 இருந்து பிரண்டு மெஷின்ல 32 ஆயிரம்னு வரும். ரவுண்ட் பண்றதுக்கு பதிலா இன்ட்டா கேஸ்ட் பண்ணா 7.72 வந்து 7-னு சொல்லும், மேல எடுத்த பத்தில 3.04 வர்றதால அது இத காட்டிக்குடுக்காது. ரவுண்ட் ஃபங்ஷனே கிடைக்கலன்னு கம்பைல் முடிவுல துண்டுகள இணைக்கற லிங்கர் கத்தினா கமாண்ட் கடைசில மைனஸ் எல்எம் சேருங்க, ஃபைல் பேருக்குப் பின்னாடி. அப்புறம் மைனஸ் டபிள்யூ-ஆல், மைனஸ் டபிள்யூ-எக்ஸ்ட்ரா ரெண்டும் போடாம கம்பைல் பண்ணாதீங்க. ஒத்தை ஈக்வல், இஃப் முடிவு செமிகோலன், ரெண்டையும் ஜிசிசி கம்பைலரே லைன் நம்பரோட சொல்லிடும். வார்னிங் தான, எரர் இல்லையேன்னு தள்ளிட்டு எனக்கு ஃபோட்டோ அனுப்புறவங்கள என்ன பண்றதுன்னு தெரியல.

ஆனா எதுக்கும் முன்னாடி செய்ய வேண்டியது, ஃபார்முலாவ எழுதறதுக்கு முன்னாடியே மூணு கவுண்டரையும் பிரிண்ட் பண்றது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஒரு குட்டி வரியக் குடுங்க, மூணு நம்பரும் ஒத்துப் போகட்டும், அப்புறம் வகுத்த ரெண்டு நம்பரையும் பிரிண்ட் பண்ணுங்க, அதுவும் சரின்னா மட்டும் ஃபார்முலாவுக்குப் போங்க. கோட நிறுத்தி நிறுத்திப் பாக்க உதவற டீபக்கர் கத்துக்கறது நல்லதுதான், ஆனா இந்த சைஸ் கணக்குக்கு அஞ்சு பிரிண்ட்எஃப் போதும்.

இதெல்லாம் முடிச்சதும் கொஞ்சம் ஆர்வக்கோளாறு இருக்கற பசங்க தமிழ்ல ஒரு வரிய போட்டுப் பாப்பாங்க. எழுத்து 0-ன்னு வரும். நல்ல கேள்வி ஆரம்பிக்கறது இங்கதான். 'அம்மா'ன்னு போட்டு ஸ்ட்ர்லென் கேட்டுப் பாருங்க, 15-னு சொல்லும். நாம எண்ணினா 3 எழுத்து. உலக மொழி எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்கற யூனிகோடுக்கு அது அ, ம, புள்ளி, ம, கால்னு 5. அந்த நம்பர பைட்டா எழுதற யூடிஎஃப்-8 முறைல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், ஆக 15. ஸ்ட்ர்லென் பைட்டதான் எண்ணும், இங்கிலீஷ்ல ரெண்டும் ஒண்ணா இருந்ததால வித்தியாசம் தெரியல. எழுத்தா இல்லையான்னு பாக்கற இஸ்ஆல்ஃபாவுக்கு 127-க்கு மேல வர்ற பைட் எழுத்தே இல்ல, அதுக்கும் மேல சார்ல வச்சிருந்தா முதல் பைட் 224 பெரும்பாலான லேப்டாப்ல மைனஸ் 32-ஆ போகும், அத இஸ்ஆல்ஃபாவுக்கு குடுத்தா என்ன நடக்கும்னு சி ஸ்டாண்டர்டே உத்தரவாதம் தராது, நெகட்டிவ் எடுக்காத அன்சைன்ட் சாரா மாத்திட்டுத்தான் குடுக்கணும்.

எண்ணணும்னா 128-ல இருந்து 191 வரைக்கும் வர்ற பைட்ட எல்லாம் தாண்டிவிட்டா 5 கிடைக்கும். அதுக்கு மேல புள்ளியையும் கால், கொம்பு மாதிரி உயிர்க்குறியையும் தாண்டினா 3. க்ஷ, ஸ்ரீ வந்தா மட்டும் ஒதுங்கி யோசிக்கணும். ஆனா அந்த 3-ஐக் கொண்டுபோய் மறுபடி 0.0588-ல பெருக்காதீங்க, அந்த எண்கள் எல்லாம் இங்கிலீஷ் பத்திகள வச்சு வந்தது. இங்க 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு'ன்னு ஒரே வார்த்தைல முடியற சமாச்சாரத்துக்கு அவங்களுக்கு அஞ்சாறு வார்த்தை வேணும். தமிழுக்கு வேணும்னா ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து பன்னெண்டாங்கிளாஸ் வரைக்கும் பாடப்புத்தகப் பத்திகள எடுத்து, எண்ணி, நம்ம எண்கள நாமதான் கண்டுபிடிக்கணும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா இல்லன்னு சுத்தற யாராவது இத எடுத்துக்கிட்டா, எண்ற ஃபங்ஷன நானே எழுதித் தர்றேன்.