வண்டி வராத சாலைச் சுற்று: மூன்று வரைவுகளின் பதிவு

சிறு நகரத்திலிருந்து கிளம்பி, கிராமப்புறத் தார்ச்சாலைகளிலேயே சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் பாதை ஒன்று வேண்டும். கார், லாரி தொல்லை இருக்கக் கூடாது. ரோடு சைக்கிளின் மெல்லிய டயர் அதைத் தாங்க வேண்டும். இப்படி ஒரு வளையத்தை மூன்று முறை வரைந்து, ஓட்டி, திருத்தியதில் எது ஏன் மாறியது என்ற விவரம் கீழே.

முதல் வரைவு: 38 கி.மீ.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் பெரிய சாலைகளை ஒதுக்கிவிட்டு, 'டெர்ஷியரி' (சிற்றூர்களை இணைக்கும் சாலை), 'அன்கிளாசிஃபைடு' என்று குறித்தவற்றை மட்டும் கோத்தது. 'அன்கிளாசிஃபைடு' என்றால் வகை தெரியாத சாலை என்று பலர் நினைத்துத் தவிர்க்கிறார்கள். அது தவறு. ஊருக்கு ஊர் போகும் பொதுச்சாலைகளில் கடைசிப் படிக்கு அந்தப் பெயர். நாம் தேடுவது பெரும்பாலும் அதில்தான் இருக்கும். வகை நிஜமாகவே தெரியாததற்கு 'ரோட்' என்று தனிக் குறி உண்டு. 'டிராக்' என்பது வயலுக்கும் காட்டுக்கும் போகும் வழி. அதில் கெட்டியான தளம் உள்ள 'கிரேடு 1' மட்டுமே ரோடு சைக்கிளுக்கு நம்பத் தகுந்தது.

ஓட்டும்போது வண்டிகளை எண்ணியாக வேண்டும். 'அவ்வளவாகக் கூட்டம் இல்லை' என்ற நினைவை வைத்துக்கொண்டு பாதையைத் திருத்த முடியாது. எண்ணுவதற்குச் சாலையோரம் நிற்கவும் வேண்டாம். ஒவ்வொரு திசையிலும் மணிக்கு 30 வண்டி, 60 கி.மீ. வேகத்தில் போகும் சாலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 20 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டினால் எதிரே 40 வண்டி வரும், பின்னாலிருந்து 20 முந்தும். மொத்தம் 60. ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்று எண்ணினாலும் அதே 60தான். எதிரே வருவதையும் முந்துவதையும் கூட்டினால் போதும், நம் வேகம் கணக்கில் அடிபட்டுப் போகிறது. பகுதி பகுதியாகப் பிரித்து எண்ண வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

முதல் ஓட்டத்தில் 61 வண்டிகள். அதில் 44 வண்டிகள் ஒரே 6 கி.மீ. துண்டில். அந்தத் துண்டைக் கடக்க 18 நிமிடம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 147 வண்டி என்ற கணக்கு. மீதி 32 கி.மீ.யில் மணிக்கு 11 கூட இல்லை. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே அகலக் கோடு! வேறுபாடு என்னவென்றால், அந்த 6 கி.மீ. இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே குறுக்குவழி. அவசரமாகப் போகிறவர்களுக்கு அது லாபம்.

இதைத்தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். சின்னச் சாலை என்பதற்காக அது காலியாக இருந்துவிடாது. அதில் போனால் யாருக்கும் நேரம் மிச்சமாகாது என்பதால்தான் காலியாக இருக்கிறது.

இரண்டாம் வரைவு: காரணத்தைத் தேடுவது

அடுத்த முறை தேடியது, வண்டிக்காரர் வர விரும்பாத, அல்லது வர முடியாத சாலைகளை. புறவழிச்சாலை வந்த பிறகு கைவிடப்பட்ட பழைய நெடுஞ்சாலைத் துண்டுகள் எளிதில் சிக்கும். அவற்றில் தளம் நன்றாக இருக்கும், ஆனால் அகலமும் நேர்கோடும் இருப்பதால் வருகிற ஒன்றிரண்டு வண்டி வேகமாக வரும். வாய்க்கால் கரை, வெள்ளத்தடுப்புக் கரை மேலுள்ள சாலைகளில் ஏற்றமே இருக்காது. மறைப்பும் இருக்காது, காற்று முழுதாக அடிக்கும். தண்டவாளம் எடுத்த ரயில் பாதையைத் தார் போட்டு வைத்திருந்தால் சரிவு மிகவும் மெதுவாக இருக்கும், ரயிலுக்காக வெட்டியது அல்லவா.

எல்லாவற்றிலும் சிறந்தது, காருக்கு முட்டுச்சந்தாக இருந்து சைக்கிளுக்குத் திறந்திருக்கும் வழிதான். இரண்டு ஊர்களிலிருந்தும் ஒரே ஓடையை நோக்கி வரும் சாலைகள், நடுவில் நடைபாலம் மட்டும். இருபுறமும் அந்தந்த ஊர்க்காரர் தவிர வேறு யாரும் வர மாட்டார்கள். வரைபடத்தில் எதிரெதிரே முடியும் இரண்டு கோடுகளைக் கண்டால் உடனே பெரிதாக்கிப் பாருங்கள்.

பிறகு செயற்கைக்கோள் படம். காரின் அகலம் சுமார் 1.8 மீட்டர், படத்தில் நிற்கும் காரை அளவுகோலாக வைத்து சாலையை அளக்கலாம். 3 முதல் 3.5 மீட்டர் என்றால் ஒற்றை வண்டிச் சாலை. நேரில் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். சக்கரம் படும் இரண்டு கோடுகள் மட்டும் பெருக்கிவிட்டதுபோல் சுத்தமாக, நடுவில் மணலும் சிறுகல்லும் ஒதுங்கி, அதிலேயே ஒரு சாண் அகலத்துக்குப் புல் முளைத்திருக்கும். அந்தப் புல்லைவிட நல்ல சாட்சி கிடையாது. தினமும் வண்டி ஓடும் சாலையில் அது பிழைக்காது. ஓட்டும்போது மட்டும் அந்தச் சுத்தமான கோடு ஒன்றை விட்டு விலகக் கூடாது. கோடு மாற வேண்டுமென்றால் நேரான இடத்தில் மாற வேண்டும். வளைவின் உள்பக்கத்தில் சரளை குவிந்திருக்கும், சாய்ந்து திரும்பினால் முன்சக்கரம் வழுக்கும்.

இந்த வரைவு தளத்தில் தோற்றது. வாய்க்கால் கரையில் 4 கி.மீ. தார் என்று குறித்திருந்தது, கடைசி 1.2 கி.மீ.யில் தார் பெயர்ந்து முக்கால் அங்குல ஜல்லி நீட்டிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் பஞ்சர். டியூபில் அக்கம்பக்கமாக இரண்டு சிறு வெட்டு. முள் குத்தினால் ஒரு ஓட்டைதான் விழும்; இப்படி இரட்டையாக விழுந்தால், டயர் நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் கடிபட்டிருக்கிறது என்று பொருள். ஒட்டுப் போட்டு அதே காற்றில் கிளம்பினால் அடுத்த கல்லில் அதேதான் நடக்கும். 28 மி.மீ. டயரில் காற்றை ஏற்றினால் இது குறையும், ஆனால் உடம்பு அதிரும். 32 மி.மீ.க்கு மாறியதே தீர்வு: 75 கிலோ எடையுள்ளவருக்குப் பின் டயரில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), முன் டயரில் 55 என்பது நல்ல தொடக்கம். வாங்குமுன் ஃபோர்க், ஃபிரேம் இரண்டிலும் டயருக்கு இருபக்கமும் 4 மி.மீ.யாவது இடம் மிஞ்சுமா என்று பாருங்கள்.

பாதை வரையும் மென்பொருள் காட்டும் ஏற்றக் கணக்கையும் அப்படியே நம்பக் கூடாது. உயரத் தரவு பல இடங்களில் 30 மீட்டர் கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது. பள்ளத்தின் மேல் பாலம் போனால், மென்பொருள் பாலத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கி ஏறியதாகக் கணக்கு வைக்கும். 14 சதவீத ஏற்றம் என்று காட்டிய இடம் நேரில் சமதளம். மறுபுறம், 150 மீட்டர் நீளமுள்ள செங்குத்தான ஏற்றம் சராசரியில் கரைந்துவிடும். சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ என்றால் 5 சதவீத ஏற்றத்தில் 10 கி.மீ. வேகத்துக்கே ஈர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 110 வாட் வேண்டும். 10 சதவீதத்தில் அது இரண்டு மடங்கு. குறைந்த கியர் எது என்று பார்த்துவிட்டுப் பாதையை முடிவு செய்வது நல்லது.

மூன்றாம் வரைவு: 41 கி.மீ.

பழைய 6 கி.மீ. குறுக்குவழிக்குப் பதில் நடைபாலம் வழியாக 9 கி.மீ. வாய்க்கால் கரையின் கெட்ட துண்டு அப்படியே, புது டயரோடு. மொத்தம் 19 வண்டிகள், இரண்டு மணி நேரத்தில்.

சுற்றும் திசையும் மாறியது. மறைவு வளைவுள்ள இறக்கத்தை ஏற்றமாக்கியது பெரிய நிம்மதி. 30 கி.மீ. வேகத்தில் வரும்போது, யோசிக்கும் ஒரு நொடியில் 8 மீட்டர் போய்விடும். காய்ந்த தாரில் நிற்க மேலும் 9 மீட்டர். 17 மீட்டருக்குள் வளைவு மறைந்தால் அந்த வேகம் கூடாது. காற்றைப் பொறுத்தவரை, கிளம்பும் பாதி எதிர்க்காற்றாக இருக்கட்டும்.

பெரிய சாலையைக் கடக்கும் இடம் இரண்டே. நின்ற நிலையிலிருந்து கடந்து முடிக்க 5 நொடி ஆகிறது, 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் அதற்குள் 110 மீட்டர் வந்துவிடும். இருபுறமும் 150 மீட்டர் தெரியாத இடத்தை நீக்கிவிட்டோம். நேராகக் கடக்கும் சந்திப்பே நல்லது. பெரிய சாலையில் 200 மீட்டர் போய்த் திரும்ப வேண்டிய சந்திப்பு வரைபடத்தில் அற்பமாகத் தெரியும், ஓட்டும்போது பயணத்தின் மோசமான நிமிடம் அதுவாகத்தான் இருக்கும்.

வரைந்த பாதையை ஜிபிஎஸ் கருவிக்குக் கொடுக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பைச் சேமிக்கும்போது 'ரூட்' (முக்கியப் புள்ளிகள் மட்டும்) என்று வைக்காமல் 'டிராக்' (பாதை முழுவதும் புள்ளி புள்ளியாக) என்று வையுங்கள். ரூட்டாகக் கொடுத்தால் சில கருவிகள் தாமாகவே மறுபடி வழி போட்டு, நாம் விலக்கிய சாலைக்கே இழுத்துப் போகும். வரைபடத்தை இணையமில்லாமல் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், பம்பு, ஒட்டு, செயின் இணைப்பு ஒன்று: இவ்வளவு போதும்.

இந்த எண்ணிக்கை விடுமுறை நாள் காலைக்கு மட்டும். வேலை நாள் காலை 8 மணிக்கு அதே வளையத்தில் இன்னும் எண்ணவில்லை. கிழக்குப் பக்கத்துக்கு 24 கி.மீ. வளையம் ஒன்று வரைந்தாகிவிட்டது, ஆனால் அதில் கல்குவாரிச் சாலை 2 கி.மீ. வருகிறது. நகரை விட்டு வெளியேறும் முதல் 1.8 கி.மீ. இரண்டு வளையத்துக்கும் பொது. அதற்கு மாற்று வழி கிடைத்தால் நான்காம் வரைவு.