ஏலத்தில் வரும் பழைய மரப் புல்லாங்குழல்

இணையத்தில் பழைய ஐரோப்பிய மரப் புல்லாங்குழலை ஏலம் கேட்கும்போது, துளைகளை மூடித் திறக்கும் வெள்ளி விசைகளின் மினுமினுப்பை விட்டுவிட்டுத் தலைப்பகுதியின் படத்தைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பேன். உள்ளே உலோகக் குழாய் பொதிந்திருந்தால், மரம் காய்ந்து சுருங்கும்போது உலோகம் இடம் கொடுக்காது என்பதால், வாய்த்துளையை ஒட்டிப் பெரும்பாலும் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். லண்டன் 'ரூடால் அண்ட் ரோஸ்' நிறுவன முத்திரையும் வரிசை எண்ணும் உள்ள 19ஆம் நூற்றாண்டுக் குழலுக்கு நல்ல மதிப்புண்டு. 'மேயர்' என்று பொறித்த ஜெர்மன் குழல்களோ ஏராளம். அவற்றுக்குப் பெரிய விலை சொல்வது அநியாயம். தந்தத் தலை கொண்டவற்றின் பக்கமே போக வேண்டாம், சுங்கத்தில் சிக்கல் நிச்சயம். குளிர்நாட்டிலிருந்து வரும் குழலை ஈரோடு, கரூர் வெயிலில் வைத்திருப்போர், பெட்டிக்குள் சிறிது ஈரப்பதம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, தொடக்கத்தில் நாளுக்குச் சில நிமிடங்கள் மட்டுமே ஊத வேண்டும்.