எம்ஜியார் பிக்சர்ஸ்: மூன்றே படங்கள்

எம்.ஜி.ஆருக்கு 1936-ல் 'சதிலீலாவதி'யில் சின்ன போலீஸ் வேடம். 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடிகர் எம்.ஜி.ஆர். பற்றி எழுதாதவர் இல்லை. அவருடைய தயாரிப்பு நிறுவனமான எம்ஜியார் பிக்சர்ஸின் முதலாளியாக அவரைப் பற்றித்தான் பேச்சு குறைவு. அந்தப் பேனரில் வந்தவை மூன்றே படங்கள்.

'நாடோடி மன்னன்' (1958): தயாரிப்பு, இயக்கம், இரட்டை வேடம் எல்லாம் அவரே. பாதியில் பானுமதி விலகினார். கதாநாயகியை மாற்றினால் எடுத்த சுருள் அத்தனையும் குப்பை. எம்.ஜி.ஆரோ கதையைத் திருப்பினார். பானுமதியின் பாத்திரம் நடுவிலேயே இறந்துபோகிறது. பிற்பாதிக்கு சரோஜாதேவி வருகிறார், கூடவே கேவா கலர் என்ற வண்ண ஃபிலிமும். நீளம் மூன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. என் கணக்கில் அவருடைய தயாரிப்பு மூளைக்கு இதுதான் சரியான சாட்சி.

அந்தக் காலத்து இரட்டை வேடத்துக்கு மாஸ்க் ஷாட்தான் வழி. லென்ஸுக்கு முன்னால் பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுப்பார்கள். லென்ஸை முழுசாக மூடி, ஃபிலிமை அதே இடத்துக்குப் பின்னோக்கிச் சுற்றுவார்கள். பிறகு மறுபாதியை மறைத்து, உடை மாற்றி வந்தவரை எடுப்பார்கள். இடைவெளியில் கேமரா ஸ்டாண்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் திரை நடுவே கோடு விழும். விளக்கு வெளிச்சம் மாறினால் சுவரே இரண்டு நிறமாகும். கையை நீட்டி எல்லையைத் தாண்டினால் விரல் காணாமல் போகும்! இரண்டாவது டேக் கெட்டால் முதலாவதும் போச்சு, ஒரே ஃபிலிம் அல்லவா? அதனால்தான் கட்டிப்பிடிக்கும் காட்சிகளில் முதுகு காட்டும் டூப்.

'அடிமைப் பெண்' (1969) இயக்கம் கே.சங்கர், இரட்டை வேடம் ஜெயலலிதாவுக்கு. 'ஆயிரம் நிலவே வா' பாட வேண்டிய எஸ்.பி.பி. டைபாய்டில் படுத்தபோது, வேறு குரலைத் தேடாமல் அவர் தேறி வரும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார்.

'உலகம் சுற்றும் வாலிப'னுக்கு ஜப்பானில் ஒசாகாவின் எக்ஸ்போ 70 உலகக் கண்காட்சி ஆயத்த செட்டாகக் கிடைத்தது. விசித்திரக் கட்டடங்களும் கூட்டமும் காசில்லாமல் வந்தன. ஆனால் கண்காட்சி முடிந்தபின் ஒரு ஷாட் விட்டுப்போனாலும் திரும்ப எடுக்க முடியாது. 1970-ல் எடுத்தது 1973 மே 11-ல்தான் வெளிவந்தது. அதற்குள் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு, அ.தி.மு.க.வைத் தொடங்கியிருந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தபோதே திண்டுக்கல் இடைத்தேர்தலையும் அவர் கட்சி ஜெயித்தது.