நான் சொன்ன ‘சரி சார்’

“அந்த ஸ்டாக்கை மட்டும் எக்செல்லில் போட்டு மெயில் அனுப்பிடுங்களேன்” என்றார் எம்.டி. கம்பெனியின் கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் இ.ஆர்.பி. மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்து, அதாவது கோ-லைவ் முடிந்து, மூன்றாவது வாரம். “சரி சார்” என்றேன்.

அவர் இ.ஆர்.பி.க்கு எதிரானவர் இல்லை. பணம் ஒதுக்கியதே அவர்தான், முதல் நாள் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசியவரும் அவர்தான். டாஷ்போர்டில் வரும் எண்ணை நம்ப முடியவில்லை என்றார், அது உண்மையும்கூட. சரக்கு இன்று இறங்கும், சரக்கு வந்துவிட்டது என்று மென்பொருளில் பதியும் ஜி.ஆர்.என். மூன்று நாள் கழித்துத்தான் ஏறும். அந்த எண்ணைப் பார்த்து அவர் ஆர்டர் போட்டிருந்தால் நஷ்டம். அதனால் ஸ்டோருக்குப் போன் போட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்து ஷீட்டை அனுப்பினேன். இதில் என்ன தப்பு என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

ஆனால் அடுத்த வாரம் அவர் கேட்கவே இல்லை, நானாகவே அனுப்பினேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் எல்லோரும் அந்த ஷீட்டைத்தான் திறந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, என்ட்ரி ஏன் இன்னும் தாமதமாகிறது என்று ஸ்டோர் பொறுப்பாளரிடம் கேட்டேன். “எம்.டி. பார்க்கிறது உங்க ஷீட்டைத்தானே சார், போன்ல சொன்னா போதாதா?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

வெங்கடேஷும் டேவிஸும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு மென்பொருளைக் கட்டாயமாக்கும் இடத்தில், மேலே இருப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பது ஆரம்பத்தில் ஆட்களை அதன் பக்கம் தள்ளுகிறது, பழகப் பழக அந்தத் தாக்கம் குறைந்துவிடுகிறது என்கிறார்கள். எப்படியும் குறையப் போவதுதானே என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அவருடைய சொல்லுக்கு வலு இருந்த அந்த முதல் வாரங்களைத்தானே நான் ஷீட் தயாரித்தே கழித்துவிட்டேன்?

அப்புறம் எம்.டி.யே ஒருநாள் இனி இ.ஆர்.பி. ஸ்கிரீனில் மட்டும்தான் பார்ப்பேன் என்று உத்தரவு போட்டார். மீட்டிங்குக்கு முந்தைய மாலையில், பழைய தேதி போட்ட என்ட்ரிகள் மொத்தமாக விழத் தொடங்கின. எண்கள் அழகாகப் பொருந்தின, ரேக்கில் சரக்கு அப்படி இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். அப்படியென்றால், தலைமை ஸ்கிரீனைத் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற என் நம்பிக்கையும் முழுக்க நிற்கவில்லை.

“எண் தப்பாகத்தான் இருக்கும் சார், அந்தத் தப்பையே மீட்டிங்கில் திறந்து பாருங்கள்” என்று நான் அன்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருப்பவர், ஒற்றை ஆளாக லாரி இறக்கிக்கொண்டே என்ட்ரியும் போட்டுக்கொண்டிருந்த அந்த ஸ்டோர் பொறுப்பாளர்.