தம்பிக்குக் கொடுத்த நிலம்

பிரெஞ்சு அரச மரபில் அரியணை மூத்தவனுக்கு. தம்பிகள் சண்டைக்கு வராமல் இருக்க நிலமும் கோமகன் பட்டமும் கொடுப்பார்கள். அதற்கு 'அபனாஜ்' என்று பெயர். ஆண் வாரிசு அற்றுப்போனால் நிலம் மறுபடி அரசுக்கே. ஏற்பாடு என்னவோ கெட்டிக்காரத்தனமானதுதான். கோளாறு எங்கே என்றால், ஆண் வாரிசு அறாத கிளை தலைமுறைக்குத் தலைமுறை கொழுத்துக்கொண்டே போகும்.

14ஆம் லூயியின் தம்பி வழியில் வந்த ஓர்லெயான் குடும்பம் அப்படிக் கொழுத்த கிளை. 1780களில் அந்தக் கோமகன் லூயி ஃபிலிப் ஜோசஃப், பாரிஸிலுள்ள தன் பலே-ரொயால் மாளிகைத் தோட்டத்தைச் சுற்றி வளைவு நடைகள் கட்டிக் கடைகளை வாடகைக்கு விட்டார். கோமகனின் சொந்த இடம் என்பதால் போலீஸ் எளிதில் உள்ளே நுழைய முடியாது. அதனாலேயே தடைசெய்த துண்டறிக்கை, சூதாட்டம், காபிக்கடை அரசியல் எல்லாம் அங்கே குவிந்தன. 1789 ஜூலை 12 அன்று பத்திரிகையாளர் கமீல் தெமுலேன் கூட்டத்தை ஆயுதமெடுக்கச் சொன்னது இங்கேதான். இரண்டே நாளில் பஸ்தீய் சிறைக்கோட்டை விழுந்தது; பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது.

1792இல் கோமகன் பட்டத்தைக் கழற்றிவிட்டு 'எகலித்தே', அதாவது சமத்துவம், என்று பெயர் வைத்துக்கொண்டார். 1793 ஜனவரியில் புரட்சி நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மேடையேறி வாய்விட்டு வாக்களித்தபோது, அவரும் உறுப்பினராக எழுந்து, தன் உறவினரான, பதவி பறிக்கப்பட்ட மன்னர் 16ஆம் லூயிக்கு மரணம் என்றார். புரட்சிக்காரர்களே முகஞ்சுளித்தார்கள்.

ஏப்ரலில் அவர் மகன் பிரெஞ்சுத் தளபதி துமூரியேவுடன் எதிரிகளான ஆஸ்திரியர் பக்கம் ஓட, சந்தேகம் அப்பன்மேல் விழுந்தது. நவம்பர் 6இல் கில்லட்டின் என்ற தலைவெட்டும் எந்திரத்தில் அவர் கதை முடிந்தது. ஓடிப்போன அந்த மகன்தான் 1830இல் மன்னரானார்.