தண்டர்பேர்டில் மெயிலைப் பூட்டிய கதை

அண்ணனுக்குச் சில அடையாளச் சான்றுகளின் நகல்களை அனுப்ப வேண்டியிருந்தது. அவற்றைச் சும்மா மெயிலில் போட்டுவிட மனம் வரவில்லை. இருவருமே கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் வைத்திருக்கிறோம் என்பதால், பெறுபவர் மட்டுமே படிக்கும்படி மெயிலைப் பூட்டும் ஓப்பன்பிஜிபி முறையை அமைத்துப் பார்க்க உட்கார்ந்தேன். முன்பொரு முறை இதற்காகத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்த எனிக்மெயில் ஆட்-ஆனோடு மல்லுக்கட்டிப் பாதியில் விட்டவன் நான். இப்போது அது தேவையில்லை. 2020-இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி தண்டர்பேர்டுக்குள்ளேயே இருக்கிறது.

சாவி உருவாக்குவது ஐந்து நிமிட வேலை. கணக்கு அமைப்புகளுக்குள் குறியாக்கப் பகுதிக்குப் போய்ப் புதிய சாவி கேட்டால் போதும். காலாவதி மூன்று ஆண்டு என்று அதுவே போட்டுக்கொண்டது. பிறகு நீட்டிக்கலாம் என்பதால் அப்படியே விட்டேன்.

வினையெல்லாம் அப்புறம்தான். உருவாவது ஒரு சாவி அல்ல, ஒரு ஜோடி. பொதுச் சாவியை யாருக்கும் கொடுக்கலாம், அதை வைத்து எனக்கு வரும் மெயிலைப் பூட்டலாம், திறக்க முடியாது. திறப்பது ரகசியச் சாவி. அது என்னைவிட்டுப் போகக் கூடாது. இதெல்லாம் தெரிந்திருந்தும், பொதுச் சாவிக்குப் பதிலாக, பேக்கப் எடுத்து வைத்த ரகசியச் சாவியைத்தான் அண்ணனுக்கான மெயிலில் இணைத்திருந்தேன்! கோப்புக்கு 'ரகசியம்' என்று நானே பெயர் வைத்திருந்ததால் அனுப்பும் முன் கண்ணில் பட்டது. அந்தக் கோப்பு இப்போது ஒரு பென் டிரைவில் தனியாக இருக்கிறது. அது தொலைந்து, கணினியும் பழுதானால், பூட்டி வந்த பழைய மெயில் எதையும் நானே திறக்க முடியாது.

அவருக்கு அனுப்புவதைப் பூட்ட வேண்டிய அண்ணனின் பொதுச் சாவி வந்தது, இறக்குமதி செய்தேன். ஆனாலும் மெயில் போக மறுத்தது. சாவி கையில் இருந்தால் மட்டும் போதாதாம். அது அவருடையதுதான் என்று நான் ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். எரிச்சலோடு அவருக்கு போன் போட்டேன். சாவியின் கைரேகை, அதாவது அதை அடையாளம் காட்டும் குறியீடு, 40 எழுத்து. நான்கு நான்காக அவர் வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். சலிப்பான வேலைதான். ஆனால் நடுவில் யாராவது போலிச் சாவியை நுழைத்திருந்தால் இங்கேதான் தெரியும்.

அனுப்பியதும் அண்ணனே அழைத்தார்: "என்னடா, தலைப்பில் மூணு புள்ளிதான் இருக்கு. உள்ளே ஒண்ணுமே காணோம்?"

தண்டர்பேர்ட் தலைப்பையும் சேர்த்தே பூட்டிவிடுகிறது. அனுப்புநர், பெறுநர், நேரம் மட்டும் வெளியே தெரியும். அவர் பார்த்துக்கொண்டிருந்தது செல்போனில். சாவி இருப்பதோ கணினியில்.