403-ல் தொடங்கி 443 வரை

அப்பா தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். பரணில் கிடந்த பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து ஒரு தளத்தில் போட்டால் சொந்தக்காரர்கள் பார்ப்பார்களே என்று ஆரம்பித்தேன். இலவசமாகக் கிடைக்கிற இடம் எதிலாவது போட்டு முடித்திருக்கலாம். எனக்குத்தான் சர்வர் வேலையைக் கையால் செய்து கற்றுக்கொள்ள ஆசை. மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையம் வழியாக இயக்கும் வாடகை சர்வர்) எடுத்தேன். உபுண்டு 24.04 என்ற லினக்ஸ், ஒரு ஜிபி ராம்.

பிரவுசர் கேட்கிற பக்கங்களை எடுத்து அனுப்புகிற மென்பொருள் என்ஜின்எக்ஸ். அதை நிறுவ ஒரே ஒரு கமாண்ட்தான். பிரவுசரில் ஐபி முகவரியை அடித்ததும் 'வெல்கம் டு என்ஜின்எக்ஸ்' வந்து நின்றது. இதற்கா இவ்வளவு பில்டப் என்று தோன்றியது. படங்களை என் ஹோம் ஃபோல்டரில் ஏற்றி, என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பான கான்ஃபிகில் அந்தப் பாதையைக் கொடுத்தேன். 403 ஃபர்பிடன் என்று வந்தது, அதாவது பார்க்க அனுமதி இல்லை.

புதிதாக வருகிற எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: படங்கள் இருந்த ஃபோல்டருக்கு 777 அனுமதி. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று அர்த்தம். அப்படியும் 403தான். அலுவலகத்தில் ஓர் அண்ணன், "கூகுள் பண்றதை விட்டுட்டு எர்ரர் லாக்கைப் பாருப்பா" என்றார். பிழைகள் பதிவாகிற அந்தக் கோப்பைப் பார்த்தால் 'பெர்மிஷன் டினைட்'. பிறகு 'நேம்ஐ' கமாண்டை எல் ஆப்ஷனோடு அடிக்கச் சொன்னார். வேரிலிருந்து படம் வரைக்கும் வழியில் இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும் கமாண்ட் அது. உபுண்டுவில் 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டருக்கு 750தான்; உரியவரும் அவர் குழுவும் தவிர வேறு யாரும் உள்ளே போக முடியாது. என்ஜின்எக்ஸ் ஓடுவதோ 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற வேறொரு பயனராக. நடுவீட்டைத் திறந்து போட்டுவிட்டு வாசல் கேட்டைப் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். படங்களை 'வார்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ'வுக்கு மாற்றி, ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644 (எல்லோரும் படிக்கலாம், உரியவர் மட்டும் எழுதலாம்) கொடுத்ததும் படம் தெரிந்தது.

லாக் படிக்கிற பழக்கம் வந்ததில் ஒரு சங்கடமும் வந்தது. சர்வர் எடுத்து ஒரு நாள்கூட ஆகவில்லை, உள்ளே நுழைகிற முயற்சிகள் பதிவாகும் ஆத் லாக் முழுக்க யார் யாரோ நுழைய முயன்ற தடம். அட்மின், டெஸ்ட், ஆரக்கிள் என்று பெயர் மாற்றி மாற்றி. குறிப்பாக என்னைத் தேடி வந்தவர்கள் இல்லை; எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) பயன்படுத்துகிற 22-ஆம் போர்ட் என்ற வாசல் திறந்திருக்கிற எல்லா இடத்திலும் தட்டிப் பார்க்கிற ரோபோக்கள். பாஸ்வேர்டை ஒழித்துவிட்டுச் சாவிக் கோப்பால் மட்டும் நுழைவதென்று முடிவு செய்தேன். சாவி உருவாக்கி, எஸ்எஸ்ஹெச் கான்ஃபிகில் 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் நோ' போட்டு, ரீஸ்டார்ட் செய்து, நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் 'ஃபெயில்ட் பாஸ்வேர்ட்' வரிகள் அப்படியே வந்துகொண்டிருந்தன. அடைத்துவிட்ட கதவில் பாஸ்வேர்ட் எப்படித் தோற்கும்? அரை நாள் மண்டையைக் குடைந்தது. எஸ்எஸ்ஹெச் சர்வரில் ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் கண்ணில் படுவதுதான் செல்லும். பின்னால் வருவதற்கு மதிப்பில்லை. உபுண்டுவில் பிரதான கோப்பின் தலைமாட்டிலேயே இன்னொரு ஃபோல்டரைச் சேர்த்துக்கொள்ளும் வரி இருக்கிறது. அந்த ஃபோல்டரில் '50-கிளவுட்-இனிட்' என்ற கோப்பு 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை மாற்றிய பிறகு, 'எஸ்எஸ்ஹெச்டி' கமாண்டைப் பெரிய டி ஆப்ஷனோடு அடித்து, உண்மையில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். கோப்பில் எழுதியிருப்பதை நம்புவதை அன்றோடு விட்டேன். திரும்பத் திரும்பத் தோற்கிறவர்களின் ஐபியைத் தடுக்கிற ஃபெயில்2பேன் கூடப் போட்டிருக்கிறேன். சாவி மட்டும் என்றான பிறகு அதனால் பெரிய லாபம் லாக் கொஞ்சம் சுத்தமாக இருப்பதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்தது, எந்த போர்ட் வழியாக உள்ளே வரலாம் என்று காவல் காக்கிற ஃபயர்வால். எனேபிள் செய்யும்போதே, எஸ்எஸ்ஹெச் இணைப்பு பாதிக்கப்படலாம், தொடரவா என்று அது கேட்கத்தான் செய்தது. ஒய் அழுத்தினேன். திறந்திருந்த டெர்மினல் வழக்கம்போல ஓடியது, ஏனென்றால் ஏற்கெனவே இருக்கிற இணைப்பை அது வெட்டவில்லை. அதை மூடிவிட்டு மறுபடி நுழையப் போனபோதுதான் உறைத்தது, 22-ஐ அனுமதிக்காமலே பூட்டியிருக்கிறேன் என்று. நல்லவேளையாக வாடகைக்கு விட்டவர்களின் பக்கத்தில் பிரவுசர் வழியாக நுழைகிற கன்சோல் இருந்தது. அதில் போய் 22, சாதாரண ஹெச்டிடிபி தளத்துக்கான 80, பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் தளத்துக்கான 443 மூன்றையும் திறந்தேன். இப்போதெல்லாம் இந்த மாதிரி அமைப்பைத் தொட்டால், பழைய டெர்மினலை மூடாமல் இன்னொன்றில் நுழைந்து பார்த்த பிறகுதான் எழுந்திருப்பது.

ஹெச்டிடிபிஎஸ்-க்குத் தேவையான, இலவசமாகக் கிடைக்கிற லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் சுலபமாக வந்துவிட்டது. வந்த சில நிமிடங்களிலேயே, பாஸ்வேர்ட் போன்ற ரகசியங்களை வைக்கிற டாட் என்வ் கோப்பையும் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தையும் தேடி ரோபோக்கள் வந்தன. யாருக்குமே சொல்லாத டொமைன் எப்படித் தெரிந்தது? வழங்கப்படுகிற சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன. பெயரை அங்கேயே பொறுக்கிக்கொள்கிறார்கள்.

எல்லாம் 443-க்குப் போய்விட்டதே, 80 எதற்கு என்று அதிபுத்திசாலித்தனமாக அதை மூடினேன். சரியாக மூன்று மாதம் கழித்து அத்தையிடமிருந்து போன்.

"ஏம்ப்பா, உங்க அப்பா எடுத்த போட்டோவைத் திறந்தா ஆபத்துன்னு செவப்பா வருது?"

சான்றிதழின் ஆயுள் 90 நாள். அதைப் புதுப்பிக்க சர்ட்பாட் என்ற நிரல் தினம் இரண்டு முறை எழுந்து பார்க்கும். கடைசி 30 நாளும் முயன்றிருக்கிறது. நான் தேர்ந்தெடுத்த முறையில், டொமைன் என்னுடையதுதானா என்கிற சோதனை 80 வழியாகத்தான் வரும் என்பதால் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. காலாவதியாகப் போகிறது என்று மின்னஞ்சல் வரும் என நினைத்திருந்தேன். அந்தச் சேவையை 2025 ஜூனிலேயே நிறுத்திவிட்டார்கள். 80-ஐத் திறந்து, 443-க்குத் திருப்பிவிடும் வேலையை மட்டும் அதற்குக் கொடுத்து, 'டிரை ரன்' என்ற ஒத்திகையை ஓட்டிப் பார்த்த பிறகு புதுச் சான்றிதழை வாங்கினேன்.

"இப்ப வருதா அத்தை?"

"வருது வருது. ஆமா, என் கல்யாண போட்டோவுல முந்தானை ஏன் வலது தோள்ல கெடக்கு?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "நெகட்டிவைத் திருப்பி வச்சு ஸ்கேன் பண்ணிருக்கான்."